பருத்தித் துணியில் வீட்டு பிரிண்டரால் அச்சிட்டுத் தைத்த யானை

பக்கவாட்டில் நிற்கும் ஒரு யானையைக் காகிதத்தில் வரைந்து வைத்திருந்தேன். அதைத் துணியில் அச்சிட்டு, முன்புறம் பின்புறம் என இரண்டு துண்டுகளாக வெட்டி, பஞ்சடைத்துப் பொம்மையாகத் தைக்க வேண்டும் என்பது திட்டம். கையாலேயே துணியில் வரைந்திருக்கலாம். ஆனால் ஒரே கோட்டை இரண்டு முறை பிசகாமல் வரையும் கை எனக்கு இல்லை, அதிலும் பின்புறத் துண்டுக்கு இடவலம் மாற்றி வரைய வேண்டும். மேசை மேல் இருந்த சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரே இதைச் செய்துவிடும் என்று எண்ணித் தொடங்கினேன். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை மூன்று வாரம் இழுத்தது. அதில் பாதி நாட்கள், கருப்பு மை ஒரு துணியில் நின்றும் மற்றொரு துணியில் ஓடியும் போனது ஏன் என்று கண்டுபிடிப்பதிலேயே கழிந்தன.

முதலில் துணி. பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் துணியின் நிறமே தெரியும் என்பதால், நன்றாக வெளுத்த வெள்ளைத் துணிதான் வேண்டும். கையிலிருந்த மூன்று வகைகளில் காடா துணியின் நெசவு முரடாக இருந்தது, மெல்லிய கோடுகள் நூலின் மேட்டிலும் பள்ளத்திலும் உடைந்து தெரியும். மல் துணியோ மை மறுபக்கம் ஊறும் அளவுக்கு மெல்லியது. நெருக்கமாக நெய்த பருத்திப் பாப்ளினை எடுத்துக்கொண்டேன்.

புதுத் துணியில் ஆலைக்கஞ்சி இருக்கும். அது இருக்கும் வரை மை இழையைத் தொடாமல் கஞ்சியின் மேலேயே உட்கார்ந்திருந்து, முதல் சலவையில் கஞ்சியோடு சேர்ந்து போய்விடும். ஆகவே வெந்நீரில் சலவைச் சோடாவும் சிறிது சோப்புத்தூளும் கரைத்து, துணியை ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கசக்கி, மூன்று தண்ணீரில் அலசினேன். கஞ்சி போய்விட்டதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு: காய்ந்த துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். சொட்டு முத்துப்போல் நின்றால் கஞ்சி இருக்கிறது. விழுந்த கணமே உறிஞ்சப்பட்டால் துணி தயார். என் துணிக்கு இரண்டாவது முறையும் சோடா தேவைப்பட்டது. துணியை மென்மையாக்கும் திரவத்தை இந்த நிலையில் சேர்க்கவே கூடாது, அதுவும் இழையின் மேல் ஒரு படலமாகப் படிந்து மையைத் தடுக்கும். துவைப்பதற்கு முன் பாவு வாக்கில், அதாவது துணியின் நீளவாக்கில், பென்சிலால் குறித்திருந்த 50 செ.மீ. நீளம், காய்ந்த பிறகு 48 செ.மீ. ஆகியிருந்தது. குறுக்கே ஓடும் ஊடை வாக்கில் அரை செ.மீ. கூடக் குறையவில்லை. முன்கூட்டியே துவைக்காமல் அச்சிட்டிருந்தால், தைத்த யானை முதல் குளியலிலேயே நீளவாக்கில் மட்டும் சுருங்கிக் கூன் விழுந்திருக்கும்.

வெறும் துணி பிரிண்டருக்குள் தானாகப் போகாது. காகிதம்போல் விறைப்பாக்கித் தர வேண்டும். இதற்கு நான் பயன்படுத்தியது ஃப்ரீசர் பேப்பர். ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் மெல்லிய பாலித்தீன் பூச்சு. பளபளப்பான பக்கம் துணியின் உட்புறத்தில் படும்படி வைத்து, நீராவி இல்லாத உலர்ந்த இஸ்திரிப் பெட்டியால் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி அழுத்தினால், பாலித்தீன் இளகித் துணியைப் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்த பிறகு கிழியாமல் உரித்துவிடலாம். நீராவி பட்டால் பிடிப்பு விட்டுப்போகும். துணியையும் காகிதத்தையும் தனித்தனியே ஏ4 அளவுக்கு வெட்டி ஒட்டுவது வீண் வேலை. இரண்டையும் பெரிதாகவே ஒட்டி, ஆறவிட்டு, பிறகு 210 × 297 மி.மீ. அளவுக்கு ஒரே வெட்டாக வெட்டினால்தான் இரண்டின் விளிம்பும் சரியாகச் சேரும். இந்த முறையை லேசர் பிரிண்டரில் முயலவே கூடாது. அதில் டோனர் தூளை உருக்கிப் பதிய வைக்கும் உருளை 200 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறும். பாலித்தீன் ஏறத்தாழ 110 டிகிரியிலேயே உருகி அந்த உருளையைச் சுற்றிக்கொள்ளும்.

முதல் தாள் பாதி வழியில் சிக்கியது. வெளியே இழுத்துப் பார்த்தபோது, முன் விளிம்பிலிருந்து பிரிந்த ஒரே ஒரு பாவு நூல், விரல் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டு, மைத்தலை போகும் பாதையில் கருப்புக் கோடாக இழுபட்டிருந்தது. யானையின் நெற்றியிலிருந்து வால் வரை ஒரு கறை. அதன் பிறகு ஒவ்வொரு தாளுக்கும் மூன்று வேலைகளைத் தவறாமல் செய்தேன்: விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களை இழுக்காமல் கத்தரியால் வெட்டினேன், துணியின் மேலுள்ள பிசிறை ஒட்டும் உருளையால் எடுத்தேன், முதலில் உள்ளே போகும் விளிம்பை மெல்லிய செல்லோடேப்பால் மேலும் கீழுமாக ஒரு செ.மீ. மடித்து ஒட்டினேன். நான்கு மூலைகளையும் அனுப்புவதற்குச் சற்று முன்பாக மறுபடி இஸ்திரி போட்டுவிட்டால், மூலை தூக்கிக்கொண்டு மைத்தலையில் உரசும் தொல்லையும் இராது. பின்புறத் தட்டிலிருந்து தாளை ஏறத்தாழ நேராக உள்ளே இழுக்கும் பிரிண்டர் இதற்கு நல்லது. அடித்தட்டிலிருந்து தாளை வளைத்துத் திருப்பி எடுக்கும் வகையில் துணி காகிதத்தை விட்டுப் பிரிந்துகொள்ளும்.

இரண்டாவது தாள் சுத்தமாக வந்தது. சாம்பல் நீல உடல், சிவப்பு அம்பாரித் துணி, கருப்புக் கோடுகள். ஆனால் வண்ணம் வெளிறியிருந்தது. காகிதத்தின் மேல் நிற்கும் மை துணியில் இழைகளுக்குள் இறங்கிவிடுவதால், திரையில் கண்ட அடர்த்தி துணியில் வராது. பிரிண்டர் அமைப்பில் ‘சாதாரணக் காகிதம்’ என்று இருந்ததைப் ‘பளபளப்பான புகைப்படக் காகிதம்’ என்று மாற்றி, தரத்தையும் உயர்த்தி மூன்றாவது தாளை அனுப்பினேன். மை கூடுதலாக இறங்கி, சிவப்பு உண்மையிலேயே சிவப்பாக வந்தது. மகிழ்ச்சி தாங்காமல் அன்றே தைத்துவிட இருந்தேன். நல்லவேளையாக, துவைத்துப் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் குறுக்கே வந்தது.

இரண்டு தாள்களிலிருந்தும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, ஒரு நாள் முழுவதும் காயவிட்டு, இஸ்திரி போட்டு, சோப்புத் தண்ணீர் இருந்த இரண்டு கிண்ணங்களில் தனித்தனியே போட்டேன். புகைப்பட அமைப்பில் அச்சிட்ட பட்டையிலிருந்து சாயம் புகைபோல் எழும்பியது. ஐந்து நிமிடத்தில் தண்ணீர் ஊதாவாயிற்று, துணியில் எஞ்சியது அழுக்குப் பழுப்பில் ஒரு நிழல் மட்டுமே. அதில் கருப்புக் கோடுகளும் இல்லை. அடுத்த கிண்ணத்தில்தான் வியப்பு. அங்கேயும் நீலமும் சிவப்பும் கரைந்துவிட்டன, ஆனால் கருப்புக் கோடுகள் அச்சிட்டபடியே நின்றன. கண் இமையின் முடிகள் உட்பட எதுவும் கலையவில்லை. ஒரே பிரிண்டர், ஒரே மைக்குப்பி, ஒரே துணி, ஒரே நாள்.

துணியைத்தான் முதலில் சந்தேகித்தேன். மூன்றாவது தாளின் துணியில் கஞ்சி மிச்சம் இருந்திருக்கலாம் என்று எண்ணி மீண்டும் துவைத்து, மீண்டும் அச்சிட்டு, மீண்டும் அதே முடிவைப் பெற்றேன். காய்ந்த நேரம் போதாதோ என்று மூன்று நாள் காயவிட்டேன். இஸ்திரியின் சூட்டைக் கூட்டினேன். கடைசியில் துணியை விட்டுவிட்டுச் சாதாரணக் காகிதத்தில் இரண்டு கருப்புச் சதுரங்களை அச்சிட்டேன், ஒன்று சாதாரணக் காகித அமைப்பில், மற்றொன்று புகைப்பட அமைப்பில். காய்ந்த பிறகு ஈர விரலால் இரண்டையும் தேய்த்தேன். முதல் சதுரம் அசையவில்லை. இரண்டாவது சதுரத்தின் ஓரம் குழம்பி, விரல் நுனியில் நீலமும் சிவப்பும் தனித்தனியாகத் தெரிந்தன. விடை என் விரலிலேயே இருந்தது: இரண்டாவது சதுரத்தில் கருப்பு மையே இல்லை.

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர்கள் பலவற்றில் கருப்பு ஒரு வகை மையாகவும் மற்ற மூன்று வண்ணங்களும் வேறு வகை மையாகவும் இருக்கின்றன. வண்ண மைகள் சாய மைகள். சாயம் தண்ணீரில் முழுதாகக் கரைந்திருக்கும், உலர்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் மறுபடி கரையும், பருத்தி இழையைப் பற்றிக்கொள்ளும் வேதிப்பிடிப்பு அதற்கு இல்லை. கருப்பு மட்டும் நிறமி மை. அதில் நிறம் கரைந்திராமல், மீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு அளவுள்ள நுண்துகள்களாக மிதக்கும், உலர்ந்தால் அத்துகள்கள் இழைகளின் மேல் படிந்துவிடும், தண்ணீரில் கரையா. எழுத்துகள் கூர்மையாக வர வேண்டிய சாதாரணக் காகிதத்துக்கு இந்த நிறமிக் கருப்பைப் பயன்படுத்தும் பிரிண்டர், பளபளப்பான புகைப்படத் தாள் என்று சொன்னவுடன் அதை ஒதுக்கிவிடும், ஏனெனில் அந்தத் தாளின் வழவழப்பான பூச்சுக்குள் நிறமி இறங்காது. அப்போது மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கருப்பைப் போல் காட்டும். நான் ‘தரத்தை உயர்த்தியபோது’ செய்தது, நிற்கும் மையை நிறுத்திவிட்டு ஓடும் மையைத் திறந்துவிட்டதுதான்.

சாயத்தை நிறுத்த வினிகரில் நனை, உப்புத் தண்ணீரில் ஊறவை என்று பலரும் சொல்வது வழக்கம். இரண்டையும் செய்து பார்த்தேன். தண்ணீர் அதே ஊதாவாகத்தான் மாறியது. வினிகரின் அமிலம் கம்பளிக்கும் பட்டுக்கும் உரிய அமிலச் சாயங்களுக்குத் துணை செய்யும். உப்பு, சாயத்தொட்டியில் இருக்கும் சாயத்தை இழையை நோக்கித் தள்ளும். அச்சிட்டு உலர்ந்துவிட்ட சாயத்தைப் பருத்தியில் பூட்டி வைக்கும் வேலை இரண்டுக்கும் தெரியாது.

இனி என்ன செய்யலாம் என்று பார்த்ததில், நான்கு மைகளும் நிறமியாக உள்ள பிரிண்டருக்கு மாறுவதே நேர்வழி; நிறையத் துணி அச்சிடுபவர்கள் அதைத்தான் செய்ய வேண்டும். சாய மையைப் பிடித்து வைக்கும் கரைசலில் துணியை முன்பே நனைத்து உலர்த்துவதும், அப்படி நனைத்துக் காகிதம் ஒட்டியே விற்கும் துணித்தாள்களை வாங்குவதும் அடுத்த வழிகள். இஸ்திரி போட்டுப் படத்தை மாற்றும் டிரான்ஸ்ஃபர் தாள் எனக்குப் பிடிப்பதில்லை: படம் துணியின் மேல் ஒரு பிளாஸ்டிக் தோலாக ஒட்டிக்கொள்ளும், மடிப்புகளில் விரிசல் விடும், பஞ்சடைத்த பொம்மையை அணைத்தால் துணியின் தொடுவுணர்வே இராது. சூட்டால் சாயத்தை ஆவியாக்கி இழைக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் முறைக்கு வேறு மையும் பாலியெஸ்டர் துணியும் வேண்டும். பருத்தியில் அது தங்காது.

நான் இவை எதையும் செய்யவில்லை. பிரிண்டரிடம் நிற்கும் கருப்பு ஒன்று இருக்கிறது. கோட்டை அது போடட்டும், வண்ணத்தை நான் போடுகிறேன் என்று முடிவு செய்தேன். யானைப் படத்திலிருந்து வண்ணங்களை எல்லாம் நீக்கினேன். உடலில் இருந்த சாம்பல் நிழல்களையும் எடுத்துவிட்டு அவற்றின் இடத்தில் நெருக்கமான சாய்கோடுகளைப் போட்டேன், ஏனெனில் சாம்பலைக் காட்டச் சில பிரிண்டர்கள் வண்ண மைகளைக் கலந்துவிடும். ‘சாதாரணக் காகிதம்’, ‘கருப்பு மை மட்டும்’ என்று அமைத்து, காகிதத்தில் ஒரு முறை அச்சிட்டு ஈர விரல் சோதனையைச் செய்த பிறகே துணியைத் தொட்டேன். கோடுகளின் தடிமனை அரை மி.மீ.க்குக் குறையாமல் வைத்தேன். அதைவிட மெல்லிய கோடு பாப்ளின் நெசவில் புள்ளிகளாகச் சிதறியது.

அளவுகளில் கவனித்தவை சில. யானையின் தையல் கோடு 24 செ.மீ. நீளமும் 17 செ.மீ. உயரமும் கொண்டது, அதற்கு வெளியே சுற்றிலும் 1 செ.மீ. தையலுக்கு விட்டாலும் ஒரு தாளில் ஒரு யானை அடங்கும். தாளின் ஓரத்தில் சில மி.மீ. அளவுக்குப் பிரிண்டர் அச்சிடாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ‘தாளுக்குள் பொருத்து’ என்ற அமைப்பை அணைத்து 100 சதவீதத்தில் அச்சிட வேண்டும். சரிபார்க்க மூலையில் 10 செ.மீ. கோடு ஒன்றை வரைந்து, அச்சான பிறகு அளவுகோலால் அளந்தேன். இரண்டு தாளிலும் பாவு நூல் யானையின் நீளவாக்கில் ஓடும்படி துணியை வைத்தேன். ஊடை நூல் பாவைவிடச் சற்று அதிகமாக இழுபடும். ஒரு துண்டில் பாவு நீளவாக்கிலும் மற்றதில் குறுக்கிலும் இருந்தால், பஞ்சடைத்தவுடன் பொம்மை ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும்.

இவ்வளவையும் யோசித்த எனக்கு, தொடக்கத்திலேயே எழுதிய இடவலம் மாற்றும் விஷயம் மறந்துபோனது. இரண்டு தாளும் அச்சாகி, உரித்து, வெட்டி, முகத்தோடு முகம் சேர்த்து வைத்தபோதுதான், இரண்டு யானைகளும் இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்றின் தும்பிக்கை மற்றதன் வால் மேல் வந்து நின்றது. ஒரு துண்டு வீணாயிற்று. அது இப்போது அச்சிடும் முன் ஈர விரலுக்கும் இஸ்திரிச் சூட்டுக்கும் சோதனைத் துணியாக இருக்கிறது.

சரியாக அச்சான இரண்டு தாள்களையும் காகிதம் உரிக்காமல் ஒரு நாள் காயவிட்டேன். பிறகு காகிதத்தை மூலையிலிருந்து தாழ்வாக, துணியின் தளத்தை ஒட்டியவாறே உரித்தேன். மேல்நோக்கி இழுத்தால் துணி குறுக்காக இழுபட்டு யானை கோணலாகிவிடும். மெல்லிய பருத்தித் துணியை மேலே விரித்து, பருத்திக்கு உரிய சூட்டில் இஸ்திரி போட்டு, குளிர்ந்த நீரில் அலசினேன். மேற்பரப்பில் ஒட்டாமல் நின்ற மை கொஞ்சம் சாம்பலாக வெளியேறியது. இரண்டாவது அலசலில் தண்ணீர் தெளிவாக இருந்தது.

வண்ணத்துக்கு எடுத்தது துணிக்கான அக்ரிலிக் வண்ணம். இதுவும் நிறமிதான், நிறமியை இழையோடு ஒட்ட வைக்கும் பசை இதில் கூடுதலாக உண்டு. புட்டியில் இருக்கும் கெட்டியிலேயே பூசினால் துணி அட்டைபோல் விறைத்து ஊசி ஏற மறுக்கும். கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் இரண்டு மெல்லிய பூச்சுகளாகக் கொடுத்தேன். தண்ணீர் கூடிவிட்டால் வண்ணம் கோட்டைத் தாண்டி இழை வழியாக ஊர்ந்துவிடும்; வலது காதில் அப்படி ஊர்ந்த ஒரு நீலத் திட்டு இன்னும் இருக்கிறது. தையல் கோட்டோடு நிறுத்தாமல் அதற்கு வெளியே 5 மி.மீ. வரை வண்ணத்தை நீட்டியது நல்லதாயிற்று, தையல் ஒரு நூல் விலகினாலும் வெள்ளை விளிம்பு எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு நாள் உலர்த்தி, உட்புறத்திலிருந்து நீராவியில்லாத இஸ்திரியால் ஒவ்வோர் இடமாகச் சில நிமிடம் சூடேற்றி வண்ணத்தை நிலைப்படுத்தினேன்.

தைக்கும்போது இரண்டு துண்டுகளின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று வர வேண்டும்; ஆனால் அச்சான பக்கங்கள் உள்ளே மறைந்திருக்கும். அதனால் இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்து ஜன்னல் கண்ணாடி மேல் வைத்தேன். பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் இரண்டு கருப்புக் கோடுகளும் நிழலாகத் தெரிந்தன. தும்பிக்கை நுனி, காதின் மேல்முனை, நான்கு பாதங்கள், வாலின் அடி ஆகிய இடங்களில் ஒரு கோட்டின் வழியாகக் குண்டூசியைக் குத்தி, அது மறுபக்கத்தில் அடுத்த கோட்டின் மேலேயே வெளிவரும் வரை துணியை நகர்த்தி நிறுத்தினேன். இதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. 11ஆம் எண் ஊசி, 2 மி.மீ. தையல் நீளம். வயிற்றின் அடியில் பஞ்சடைக்க 6 செ.மீ. திறப்பு விட்டு, வளைவுகளில் தையலை ஒட்டி 2 மி.மீ. வரை சிறு வெட்டுகள் கொடுத்து, உள்ளிருந்து வெளியே திருப்பினேன்.

தும்பிக்கைதான் படுத்தி எடுத்தது. படத்தில் அதன் அகலம் 2.5 செ.மீ., காகிதத்தில் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் இரண்டு துண்டும் சேர்ந்தால் சுற்றளவு 5 செ.மீ., பஞ்சடைத்து உருண்டையானால் விட்டம் 1.6 செ.மீ. மட்டுமே. வண்ணம் பூசி விறைத்த துணியை அந்தக் குழாய்க்குள் இழுத்துத் திருப்ப ஒரு பின்னல் ஊசி, ஒரு நாடா, கொஞ்சம் கடுஞ்சொல் மூன்றும் தேவைப்பட்டன. திருப்பும்போது வளைவின் வெளிப்புறத்தில் வண்ணம் மயிரிழையளவு வெடித்தது. பஞ்சைச் சிறு சிறு உருண்டைகளாக, முதலில் தும்பிக்கை நுனிக்கும் கால்களுக்கும், கடைசியில் வயிற்றுக்கும் என அடைத்து, திறப்பைக் கையால் மறைதையல் போட்டு மூடினேன்.

யானை இதுவரை ஐந்து முறை கையால் துவைக்கப்பட்டுவிட்டது. உடலின் கோடுகளும் கண் இமை முடிகளும் முதல் நாள் கருப்பிலேயே இருக்கின்றன. தும்பிக்கையின் மேல் வளைவில், எல்லோரும் பிடித்துத் தூக்கும் இடத்தில் மட்டும் கோடு சாம்பலாகத் தேய்ந்துள்ளது. அது தண்ணீரால் போனதன்று, உரசலால் போனது, நிறமி இழையின் மேல் உட்கார்ந்திருப்பதால் தேய்ப்புக்கு மட்டும் அது இளகிக்கொடுக்கிறது. அடுத்த யானைக்குத் தும்பிக்கையை 4 செ.மீ. அகலத்தில் வரைந்து, பின்புறத் துண்டை இடவலம் மாற்றியே கோப்பில் சேமித்து வைத்திருக்கிறேன்.